மூன்று மணி வரை ஊர் பார்த்தோம்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் 'சீட்டுக்காரர்' என்றால்தான் தெரியும். புதிதாகக் கேட்பவர்கள் ஏலச்சீட்டுப் பிடிக்கிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னும் சிலர் சீட்டாடுகிறவர் என்றே முடிவு கட்டி, பெண் கொடுத்த எங்கள் குடும்பத்தைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். மாமா இரண்டும் இல்லை. பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் இருக்கை தைப்பவர். முப்பத்தோரு வருஷம் அதே பட்டறை, அதே மெஷின், அதே மூலை.

இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் ஸ்பான்ஜ், ஸ்பான்ஜ்மேல் ரெக்ஸின். பசை தடவி, ரெக்ஸினை இழுத்துப் பிடித்து, ஓரம் மடித்துத் தைப்பார். இழுவை கொஞ்சம் தளர்ந்தாலும் ஆறே மாதத்தில் இருக்கைக்குத் தொப்பை விழுந்துவிடும் என்பார். எதில் உட்காருவதாக இருந்தாலும் முதலில் வலது கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பார். பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட விட்டதில்லை. அவர் தைத்த இருக்கைகள் போகாத ஊர் இல்லை. அவர்தான் எங்கேயும் போனதில்லை.

ஒரே மகன். பத்தாம் வகுப்பிலேயே என்னைவிட அரை அடி உயரம், ஆனால் துடைப்பக்குச்சிக்குச் சட்டை மாட்டிய மாதிரி இருப்பான். 'குச்சி' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். படிப்பு முடிந்ததும் அப்பாவோடு பட்டறைக்குப் போனான். நாலு வருஷம் போனான். அப்புறம் ஒரு தடவை, பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம், ஸ்கூல் பஸ் ஆர்டர்கள் தலைக்குமேல் நின்ற வாரம், "பசை நாத்தம் தலையைப் பிளக்குதுப்பா, நான் வேற வேலை பார்த்துக்கறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பழைய கோட்டை நகரத்துக்குப் போய்விட்டான். கட்டட வேலை. உயரத்துக்குப் பயப்படாதவன் என்பதால் சாரம் கட்டும் ஆட்களோடு சேர்ந்துகொண்டான்.

மாமாவுக்கு அவன் போனதுகூட இல்லை, அந்த வாரம் போனதுதான் கோபம். "வேற எப்ப வேணா போயிருக்கலாம்ல?" என்று இரண்டு வருஷம் சொன்னார். அந்த இரண்டு வருஷமும் மகனோடு பேசவில்லை. பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். அக்கா பேசி முடித்ததும் போனை வாங்கி, "சாப்பிட்டியா?" என்பார். அடுத்த பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தாலும் "ம்" என்பார்.

குச்சி இரண்டு தடவை ஊருக்கு வந்து போனான். கடைசியாக வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். போனில் மட்டும் விடாமல் கூப்பிடுவான். "அப்பா, ஒரு தடவை நீங்களும் அம்மாவும் வாங்க. ஊரைச் சுத்திக் காட்டறேன். ரெண்டு நாள் போதும்."

"சீசன் முடியட்டும்டா."

பஸ் பட்டறையில் சீசன் முடிவதே இல்லை. பள்ளிக்கூட பஸ் முடிந்தால் சுற்றுலா பஸ், அது முடிந்தால் பழைய பஸ் ரிப்பேர்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் எனக்குப் போன் வந்தது. நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்தேன். அவனுடைய மேஸ்திரி பேசினார். "மணிக்கூண்டுக்கு வெள்ளையடிக்கச் சாரம் கட்டிட்டிருந்தோம் சார். கால் தவறிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள…" என்று நிறுத்திவிட்டார். எதிரில் தபால்தலைக்கு நின்ற பெண் "சார், சார்" என்று கூப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அக்காவிடமும் மாமாவிடமும் நான்தான் சொன்னேன். 'வேலை செய்யற இடத்துல விழுந்துட்டான்' என்று சொன்னேன். மணிக்கூண்டு என்று சொல்லவில்லை. சொன்னால் அந்த உயரம் அவர்கள் கண்முன் வந்து நிற்கும் என்று அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அக்காவால் வர முடியவில்லை. வியாழக்கிழமை பூராவும் தேற்றிப் பார்த்தோம், எழுந்து நின்றாலே விழுந்தாள். மாமாவும் நானும் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த ஊரில் போய் இறங்கினோம்.

பிணவறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கிற கூடத்தை ஒட்டி இருந்தது. அங்கே இருந்த ஊழியர் நோட்டில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "பாடி மூணு மணிக்கு மேலதாங்க கிடைக்கும். டாக்டர் வரணும், ஸ்டேஷன்லேர்ந்து பேப்பர் வரணும்" என்றார்.

மாமாவுக்கு 'பாடி' என்றால் முப்பத்தோரு வருஷமாக வேறு அர்த்தம். ஒரு நிமிஷம் அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புதுத் துணி கொண்டு வந்திருக்கீங்களா? இல்லையா? வாங்கிட்டு வந்துடுங்க. உடம்புல இருந்ததையெல்லாம் திரும்பப் போட முடியாது."

உட்கார இடம் இல்லை. வெளியே வந்து தெருமுனையில் டீ குடித்தோம். குடித்தோம் என்பது பேச்சுக்குத்தான், மாமாவின் டம்ளரில் ஆடை படிந்துவிட்டது. எட்டரை மணி. மூன்று மணி வரை இந்த மனிதரை எங்கே உட்கார வைப்பது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது ஒரு ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது. வெளியூர்ப் பை, விழித்த முகம், இது போதாதா அவனுக்கு?

"ஊர் சுத்திப் பார்க்கணுமா சார்? கோட்டை, அரண்மனை வாசல், மார்க்கெட்டு, மணிக்கூண்டு… அரை நாள்ல முடிச்சுக் கொடுத்துடறேன்."

நான் கையை ஆட்டி, போ போ என்றேன். மாமா, "எத்தனை மணிக்கு இங்க திரும்பக் கொண்டுவந்து விடுவீங்க?" என்று கேட்டார்.

"நீங்க சொல்றதுதான் ஐயா டயம்."

"ரெண்டரைக்குள்ள."

"ரெண்டேகாலுக்கு விடறேன்."

மாமா கட்டைவிரலால் ஆட்டோ சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். நான் அவர் தோளைப் பிடித்தேன். "மாமா, வேணாம் மாமா. எங்கயாவது ரூம் எடுத்துக் கொஞ்சம் படுங்க."

"அவன் சுத்திக் காட்டறேன்னு சொன்னான்ல மாப்ளே," என்றார். "ஏறு."

டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாத ஆள். கோட்டையின் பிரதான வாசலில் நிறுத்தி, கதவில் பதித்திருந்த ஈட்டி மாதிரியான இரும்பு முனைகளைக் காட்டினான். யானைகள் முட்டி உடைக்காமல் இருக்க வைத்ததாம். மாமா ஒரு முனையைத் தொட்டுப் பார்த்தார். அகழியில் தண்ணீர் இல்லை, புல்தான் முளைத்திருந்தது. உள்ளே போய் மதில்மேல் ஏறினோம். படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. மாமா மூச்சு வாங்கினாலும் நிற்கவில்லை. மேலே ஒரு பீரங்கி இருந்தது. அதன்மேல் இரண்டு பெண்கள் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு பெரிய கல்லை எப்படி மேல ஏத்தினாங்க?" என்று மாமா கேட்டார்.

"சாரம் கட்டித்தான் ஐயா. ஏத்தறப்போ எத்தனை பேர் போய்ச் சேர்ந்தானோ, யாரு எழுதி வச்சா?"

நான் டிரைவரின் வாயை அடைக்க வழி தெரியாமல், "அந்தப் பக்கம் என்ன?" என்று எங்கேயோ கையைக் காட்டினேன். மாமா மதில் விளிம்பில் கைவைத்துக் கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவர் சட்டையின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். அவர் அதைத் தட்டிவிடவில்லை.

கீழே வாகனங்கள் நிற்கும் இடத்தில் ஏழெட்டு சுற்றுலா பஸ்கள். ஒன்று மாமாவின் பட்டறையில் கட்டியது, பெயர்ப்பலகை பின்பக்கம் இருந்தது. மாமா அதன் படியில் ஏறி, யாரும் இல்லாத பஸ்ஸுக்குள் நடந்து, ஒரு இருக்கையின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"அவன் தைச்சதா மாமா?"

"தெரியலைப்பா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார்.

அடுத்து மார்க்கெட். கல் வளைவுக்குக் கீழே நுழைந்தால் ஒரு சந்து முழுக்கப் பாத்திரம், ஒரு சந்து முழுக்கக் கயிறும் சாக்கும், அதைத் தாண்டினால் துணி. ஜனம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நகர்ந்தது. குச்சி ஆறு வருஷமாக இந்தக் கூட்டத்தில்தானே நடந்திருப்பான் என்று நினைத்தேன். முன்னால் உயரமாக யார் போனாலும் மாமா எட்டி எட்டிப் பார்த்தார்.

துணிக்கடைக்காரர் சிரித்த முகத்தோடு வரவேற்றார். "வாங்க, யாருக்குப் பார்க்கறீங்க?"

"பையனுக்கு. ஒரு சட்டை, பேன்ட்."

"என்ன சைஸ் போடுவாரு?"

மாமா திகைத்துவிட்டார். எந்த பஸ்ஸின் இருக்கை அளவையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மெல்ல இரண்டு கைகளையும் தூக்கி, காற்றில் ஒரு ஆளைக் கட்டிப்பிடிப்பது மாதிரி வளைத்துக் காட்டினார். "இவ்வளவு இருப்பான். ஒல்லி. ஆனா உயரம்."

கடைக்காரர் அந்தக் கைகளைப் பார்த்து அளவெடுத்து ஒரு வெளிர்நீலச் சட்டையை விரித்தார். மாமா தோள் தையலை உள்ளே திருப்பிப் பார்த்தார், காலரை இழுத்துப் பார்த்தார், ஒரு பொத்தான் தளர்ந்திருக்கிறது என்று வேறு கேட்டு வாங்கினார்.

"ஏதாவது விசேஷமா ஐயா?"

நான் "ஆமா" என்றேன்.

"பொருந்தலைன்னா ஒரு வாரத்துக்குள்ள பில்லோட கொண்டு வாங்க, மாத்திக்கலாம்" என்று பையைக் கையில் கொடுத்தார் அவர். நல்ல மனிதர். அவரைச் சொல்லி என்ன பயன்?

மணி ஒன்று. நான் டிரைவரைத் தனியாக இழுத்து, "மணிக்கூண்டு வேணாம். நேரா ஆஸ்பத்திரிக்கு விடுப்பா" என்றேன். அவன் ஊரே கேட்கிற மாதிரி, "மணிக்கூண்டு பார்க்காமப் போனா இந்த ஊருக்கு வந்ததா சொல்லிக்கவே முடியாது சார். இதோ, இந்தத் திருப்பம்தான்" என்று வண்டியைத் திருப்பிவிட்டான். அவனை நிறுத்த என்ன காரணம் சொல்வது? மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

நாலு தெரு சேரும் சதுக்கத்தின் நடுவே நின்றது மணிக்கூண்டு. பாதிவரை புது வெள்ளை, அதற்குமேல் பழைய அழுக்கு. மூங்கிலும் இரும்புக் குழாயுமாகச் சாரம் சுற்றி ஏறியிருந்தது. பச்சை வலை ஒரு பக்கம் கிழிந்து ஆடிக்கொண்டிருந்தது. ரொம்ப உயரத்தில், கடிகாரத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு வாளி இன்னும் கயிற்றில் தொங்கியது.

"நூத்தி அறுபது படி," என்றான் டிரைவர். "மேல நின்னா ஊர் மொத்தமும் தெரியும். ஆனா இன்னிக்கு ஏற விட மாட்டாங்க. முந்தாநாள் ஒரு வேலைக்காரப் பையன் மேலேர்ந்து விழுந்துட்டான். பாவம், சின்ன வயசு. இதோ, இங்கதான்."

அவன் காட்டிய இடத்தில், கல் பாவிய தரையில், ஒரு பாய் அளவுக்கு மணல் கொட்டியிருந்தது.

மாமா மணலைப் பார்த்தார். மேலே வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அவர் இறங்கிப் போய் மணலுக்குப் பக்கத்தில் நின்றார். நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் தலைக்குமேல் இருந்தது. சுற்றிலும் ஜனம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள் போலிருந்த ஒரு ஜோடி மாமாவிடம் வந்து, "ஐயா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா? மணிக்கூண்டு முழுசும் தெரியணும்" என்று போனை நீட்டியது. மாமா வாங்கிக்கொண்டார். எங்கே அழுத்துவது என்று அந்தப் பையன் காட்டினான். இருவரும் பின்னால் நகர்ந்து நகர்ந்து, மணலில் கால் வைக்கப் போனார்கள்.

"அங்க வேணாம்மா," என்றார் மாமா. "இந்தப் பக்கம் வாங்க. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அங்க நில்லுங்க."

எடுத்துக் கொடுத்தார். நன்றாக வந்திருக்கிறது என்று அந்தப் பெண் சிரித்தாள்.

இரண்டேகாலுக்கு ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. "எந்தப் பக்கம் விடணும்?" என்று கேட்ட டிரைவரிடம், "பின்பக்கம்" என்றேன். பிணவறை வாசலில் இறங்கும்போது அவன் எங்களையும் துணிக்கடைப் பையையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா, அது… நான் தெரியாம…"

"நல்லாத்தான் சுத்திக் காட்டினீங்க," என்றார் மாமா. "எதையும் விடலை."

அவன் காசு வாங்காமல், எங்கள் முகத்தைப் பார்க்காமல், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று மணி என்றது நாலரை ஆயிற்று. காட்டினார்கள். அவன்தான். மூன்று வருஷத்தில் தோள் விரிந்து, மார்பு அகன்று, நன்றாகத் தேறியிருந்தான். குச்சி என்று இனி யாரும் கூப்பிட்டிருக்க முடியாது. சட்டை பாதிகூட நுழையவில்லை.

"முதுகுப் பக்கம் வெட்டிட்டுப் போட்டுடலாம்," என்று ஊழியர் கத்தரியை எடுத்தார். "எப்பவும் அப்படித்தான் செய்யறது."

"வெட்டாதீங்க. ஒரு பிளேடு கொடுங்க."

மாமா வாசற்படியில் உட்கார்ந்து சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத் தையலையும் அக்குள் வரை ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். துணியில் ஒரு கீறல் விழவில்லை.

"யாரு பார்க்கப் போறாங்க பெரியவரே?" என்றார் ஊழியர் கொஞ்சம் பொறுமை இழந்து.

"அவங்க அம்மா பார்ப்பா."

ஊருக்குக் கொண்டுவந்தோம். எல்லாம் முடிந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னதாகவும் அவன்தான் கட்டிக்கொள்ளவில்லை என்றும் ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்தார். நஷ்டஈட்டுக்காக நான் நாலு தடவை அலைந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாமா ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் பட்டறைக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா சாப்பிடாமல், பேசாமல் கிடந்தாள். ஒரு சாயங்காலம் திடீரென்று, "அந்த ஊர்ல என்னென்ன பார்த்தீங்க?" என்று கேட்டாள். மாமா சொன்னார். கோட்டைக் கதவு, தேய்ந்த படிகள், புல் முளைத்த அகழி, மார்க்கெட்டில் எந்தச் சந்துக்கு அப்புறம் எந்தச் சந்து. அவள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். மகன் ஆறு வருஷம் நடந்த ஊர் இல்லையா? அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் அவள் கேட்பாள், அவர் சொல்வார். "பாத்திரக் கடை வலது பக்கமா, இடது பக்கமா?" "இடது." அந்த அரைமணி நேரம்தான் அந்த வீட்டில் மனிதர்கள் இருக்கிற மாதிரி இருக்கும். மணிக்கூண்டை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

ஐந்து மாதம் போயிருக்கும். ஒருநாள் பேப்பரில், புதுப்பித்த மணிக்கூண்டைத் திறந்துவிட்டார்கள் என்று படத்தோடு செய்தி வந்தது. வேலை நடந்தபோது ஒரு பையன் விழுந்து இறந்ததாகக் கடைசியில் ஒரு வரி இருந்தது. அக்கா அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். கவுண்டரில் வைத்து, "இங்கதானேடா?" என்றாள். மறுபடி பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "ஆமாக்கா" என்றேன்.

"என்னைக் கூட்டிட்டுப் போ. அவருக்குத் தெரிய வேணாம்."

ஒரு தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். மணிக்கூண்டு கீழிருந்து மேல் வரை வெள்ளைவெளேர் என்று நின்றது. மணல் இல்லை. எந்த இடம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முழங்கால் வலியால் வீட்டு வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறவள், நூற்றறுபது படியும் ஏறினாள். நான் கூடப் போகவில்லை, கீழேயே நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள்.

ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் மாமா கோட்டையிலிருந்து ஆரம்பித்தபோது அவளே, "மேல ஏறினேன்" என்றாள். நானும் அங்கே இருந்தேன்.

மாமா புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்துவிட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

அவள் மெதுவாகச் சொன்னாள்: "மேல நின்னா எல்லாம் தெரியுதுங்க. கோட்டை, மார்க்கெட்டு, எல்லாமே. நீங்க சொன்னது அத்தனையும் அப்படியே இருந்துச்சு. கையால பிடிச்சுக்க எதுவுமே இல்லை அங்க. வழவழன்னு இருக்கு."

மாமா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறெதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா எதையும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேச வேறு விஷயமும் இல்லை அவர்களுக்கு. இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். "வா மாப்ளே," என்பார். நானும் உட்காருவேன். வெளியே தெருவில் யாராவது போவார்கள், வருவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி மாமா, கிளம்பறேன்" என்பேன். "ம்" என்பார்.